பலகையில் பத்து மணி, பக்கவாட்டுக் கதவில் எத்தனை மணி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுக்கடைகளையும் பார்களையும் இரவில் இன்னும் முன்னதாக மூட வேண்டுமா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் வரும் கடிதங்களைத் தொடர்ந்து படித்து வருகிறேன். இரவு 8 மணிக்கே மூடிவிட வேண்டும் என்று ஒரு சாரார் எழுதுகிறார்கள். அப்படிச் செய்தால் கள்ளச்சாராயம் பெருகும், அரசின் வருவாய் விழும் என்று மறுசாரார் எழுதுகிறார்கள். இரு சாராருமே ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்காமல் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்: இப்போது 10 மணிக்கு விற்பனை நின்றுவிடுகிறது என்பதுதான் அது. திருப்பூரில் தனியார் நகரப் பேருந்தில் 26 ஆண்டுகள் நடத்துநராக வேலை பார்த்து, அதில் பெரும்பாலான ஆண்டுகள் இரவின் கடைசி நடைகளில் போய் 2023-ல் ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த நம்பிக்கையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் நிறுவனத்தின் கைக்கு வந்தது. நெடுங்காலம் கடைகள் காலை 10 முதல் இரவு 10 வரை திறந்திருந்தன. 2016 மே 23-ஆம் நாள் முதலமைச்சராகப் பொறுப்பேற்ற அன்றே ஜெயலலிதா, 500 கடைகளை மூடுவதற்கும், திறக்கும் நேரத்தை நண்பகல் 12 மணிக்குத் தள்ளிவைப்பதற்கும் உத்தரவிட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி பதவியேற்றதும் மேலும் 500, பின்னர் 2023 ஜூனில் இன்னொரு 500 என்று கடைகள் குறைந்தன. ஆனால் 2016-க்குப் பிறகு வந்த இந்தக் குறைப்பு எல்லாம் கடைகளின் எண்ணிக்கையிலும் காலை நேரத்திலும்தான் நடந்தது. இரவின் 10 மணியில் பெருந்தொற்றுக் காலம் தவிர யாரும் கைவைக்கவில்லை. 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை மட்டும் விற்கலாமே என்று கருத்துச் சொன்ன பிறகுதான் அந்த முனையைப் பற்றிய பேச்சு பரவலாயிற்று.

இரவு 9.20-க்குப் புறப்படும் எங்கள் நடையில் ஏறுபவர்களில் ஒரு பத்துப் பேராவது படியிலேயே நிற்பார்கள். உள்ளே இருக்கை காலியாக இருந்தாலும் வரமாட்டார்கள். வழியில் ஒரு சிக்னலில் வண்டி நின்றுவிட்டால் போதும், "ஏனுங் கண்டக்டர், வெரசா விசில் ஊதுங்க, சாத்திப்போடுவாங்க" என்று குரல் வந்துவிடும். கடைக்கு முன்னால் நிறுத்தம் கிடையாது. ஆனாலும் வண்டி அங்கே வேகம் குறையும்போது இரண்டு மூன்று பேர் குதித்து ஓடுவார்கள். அப்படிக் குதித்து முழங்கை பெயர்ந்த ஓர் இளைஞரை நானும் ஓட்டுநரும் தூக்கி ஓரமாக உட்கார வைத்தோம். அவர் தம் கையைப் பார்க்கவில்லை. பாதி இறங்கியிருந்த ஷட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக ஒரு கட்டிங்கோடு போய்விடக் கூடியவர்கள் கூட, மூடும் நேரம் நெருங்குகிறது என்பதற்காகவே முழுக் குவார்ட்டரை வாங்கி, தண்ணீர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்து, நின்ற இடத்திலேயே கவிழ்த்துக்கொள்வதை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போரின் நடுவே, 1916-ல், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் படைவீரர்கள் குடித்துவிட்டுக் கலவரம் செய்த பிறகு, மக்களிடம் வாக்கெடுத்து மதுக்கூடங்களை மாலை 6 மணிக்கு மூடினார்கள். விளைவு, 5 மணிக்கு வேலை விட்டவர்கள் ஒரே மணி நேரத்தில் முடிந்த மட்டும் குடித்துத் தீர்த்துவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அந்த 6 மணிச் சட்டத்தை விலக்க அந்த மாநிலத்துக்கு 1955 வரை ஆயிற்று.

இதைச் சொல்வதால், நேரத்தைக் குறைப்பதில் பயனே இல்லை என்று வாதாடுபவர்களோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அதே மாநிலத்தின் நியூகாசில் நகரில் 2008-ல் நடுநகரத்து மதுக்கூடங்கள் 14-க்கு, விடியற்காலை 5 மணி வரை இருந்த அனுமதியை 3, 3.30 மணி அளவுக்கு இழுத்தபோது, அங்கே இரவுநேர அடிதடி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நார்வே நாட்டின் 18 நகரங்களில் பல ஆண்டுகளின் கணக்கை வைத்துப் பார்த்தவர்கள், மூடும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் வன்முறை சுமார் 16 விழுக்காடு கூடுகிறது என்று கண்டிருக்கிறார்கள். நேரம் என்பது வேலை செய்கிற கருவிதான். ஆனால் அந்த ஊர்களில் மூடுவது என்றால், மது கிடைக்கும் இடம் முழுவதும் மூடப்படுவது என்று பொருள். நம் ஊரில் கடை மூடினால் மூடியது கடை மட்டுமே.

நமக்கே இதற்கு ஒரு சோதனை வாய்த்தது. யாரும் திட்டமிட்டு நடத்தியதல்ல என்பதால்தானோ என்னவோ எல்லோரும் அதை மறந்துவிட்டோம். பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் தளர்ந்துகொண்டிருந்த 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சில மாதங்கள் கடைகள் இரவு 8 மணிக்கே மூடப்பட்டன. 7.30-க்குத் தள்ளுமுள்ளு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த மாதங்களில் எங்கள் 9.20 நடை வேறு வண்டியாகவே இருந்தது. பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிப்டு முடித்து வரும் பெண்கள் பின்படியிலும் ஏறினார்கள். வாந்தியின் மேல் கொட்ட நான் இருக்கைக்கு அடியில் வைத்திருக்கும் மண் வாளி பல நாள் அப்படியே கிடந்தது. இதற்குக் காரணம் 8 மணி மட்டும்தான் என்று அப்போது நானும் நினைத்தேன். பிறகு யோசித்தபோதுதான், அந்த மாதங்கள் முழுவதும் பார்களும் மூடிக்கிடந்தன என்பது உறைத்தது. நவம்பரில் பார்கள் திறந்தன, பிறகு கடைகளும் பழைய 10 மணிக்குத் திரும்பின. ஒரே வாரத்தில் வாளிக்கு வேலை வந்துவிட்டது.

ஓய்வுக்குப் பிறகு நான் குடியிருக்கும் பகுதியில் ஒரு பார் இருக்கிறது. எது என்று சொல்லி யாரையும் காட்டிக்கொடுப்பது என் நோக்கமில்லை. ஏறக்குறைய எல்லா ஊரிலும் அது இருப்பதாக நண்பர்கள் சொல்கிறார்கள். 10 மணிக்குக் கடையின் ஷட்டர் சத்தத்தோடு இறங்கும், பெயர்ப்பலகை விளக்கு அணையும். அடுத்த கால்மணி நேரத்தில் பாரின் பக்கவாட்டில், தகரத்தை வெட்டி அடித்த சிறு கதவுக்கு மேல் ஒரு குண்டு பல்பு எரியத் தொடங்கும். இரு சக்கர வண்டியில் வருபவர் இறங்க மாட்டார், எஞ்சினை அணைக்கவும் மாட்டார். கம்பி இடுக்கு வழியே ஒரு கை நீளும். அதில் காசு போகும். துண்டுக் காகிதத்தில் சுற்றிய பாட்டில் வரும். 11 மணிக்கு ஒரு விலை, நள்ளிரவுக்கு மேல் ஒரு விலை, விடியற்காலையில் அதற்கும் மேல் ஒரு விலை. கோயிலுக்குப் பூப்பறிக்க 5 மணிக்கு நான் கிளம்பும்போதும் அந்த பல்பு எரிந்துகொண்டிருக்கும். இன்னும் உள்ளே போனால், உரிமமே இல்லாமல் விற்கும் சந்துக்கடைகள் இருக்கின்றன. அவற்றுக்குப் பல்பும் தேவையில்லை.

இங்கேதான் என் ஐயம். இரவு 10 மணிக்கு மூடும் கடையை 8 மணிக்கு மூடினால், அந்தப் பல்பு 8.15-க்கு எரியத் தொடங்கும். நியாயமான விலைக்குக் கிடைத்துவந்த இரண்டு மணி நேரத்தின் வியாபாரத்தை அப்படியே தூக்கி, கூடுதல் விலைக்காரரிடம் கொடுத்ததாகிவிடும். குடிப்பவர் குறைவாகக் குடிக்க மாட்டார். வீட்டுக்குக் குறைவாகக் கொண்டுபோவார்.

அப்படியானால் பாருக்கு அந்தப் பாட்டில்கள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்க வேண்டும். வானத்திலிருந்து விழுவதில்லை. ஒட்டியிருக்கும் கடையிலிருந்தே, மூடுவதற்கு முந்தைய அரைமணி நேரத்தில், பெட்டி பெட்டியாக வருகின்றன என்பது அங்கே வரிசையில் நிற்கும் எவருக்கும் தெரியும். தனி ஒருவர் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்குச் சட்டத்திலேயே வரம்பு உண்டு. இப்போது டாஸ்மாக் கடைகளில் பாட்டிலை ஸ்கேன் செய்து கணினியில் ரசீது போடும் முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இது பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்பதைத் தடுக்க என்று சொல்லப்பட்டது. என் பார்வையில் இதன் பெரிய பயன் வேறு. ஒவ்வொரு ரசீதிலும் நேரம் பதிகிறது அல்லவா? எந்தக் கடையில் எந்த மணியில் எத்தனை பாட்டில் போயிற்று, கடைசி அரைமணியில் ஒரே கைக்கு எத்தனை போயிற்று என்பதை ஓர் அதிகாரி அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். டிக்கெட் கட்டையின் எண்ணைப் பார்த்தே எந்த நடையில் எவ்வளவு கூட்டம், எந்த நிறுத்தத்தில் நான் தூங்கினேன் என்று சொல்லிவிடும் செக்கர்களிடம் காலம் தள்ளியவன் நான். அதனால், தெரியவில்லை என்று இனிமேல் யாரும் சொன்னால் நம்பக் கடினமாக இருக்கிறது.

ஆண்டுக்கு எட்டு நாள், திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே நாள், விடுதலை நாள், மிலாது நபி, காந்தி ஜெயந்தி ஆகியவற்றுக்குக் கடைகளுக்கு முழு விடுமுறை விடுகிறார்கள். அந்த நாள்களின் மறுநாள் நாளிதழைத் திறந்தால் மாவட்டந்தோறும் பதுக்கி விற்றவர்கள் கைது, இத்தனை நூறு பாட்டில்கள் பறிமுதல் என்ற செய்தி தவறாமல் இருக்கும். ஒரு முழுநாளே கடை மூடியும் மது கிடைக்கிறதென்றால், இரண்டு மணி நேரம் முன்னதாக மூடுவது எம்மாத்திரம்?

இத்தனைக்குப் பிறகும் நான் முன்னதாக மூடுவதை ஆதரிக்கிறேன். அதற்குக் காரணம் சனிக்கிழமை. திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலையில். கணக்கு முடிந்து ஆட்கள் வெளியே வர எட்டு, எட்டரை ஆகிவிடும். எங்கள் வண்டியில் பல ஆண்டுகள் வந்துபோன ஓர் அம்மா, மற்ற நாள்களில் தம் கம்பெனியிலிருந்து நேரே வீட்டுக்குப் போகிறவர், சனிக்கிழமை மட்டும் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்குவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அவரு கம்பெனி வாசல்ல போயி நின்னுக்குவனுங்க. கவரு கைக்கு வந்ததும் நான் வாங்கிப்போட்டன்னா அந்த வாரம் தப்பிச்சனுங்க" என்றார். அரை ஷிப்டு கூலியை விட்டுவிட்டு அவர் போய் நிற்பது, அந்த வாசலுக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையில் உள்ள இருநூறு அடியில் ஒரு கடை திறந்திருப்பதால்தான். இப்போது பலருக்குச் சம்பளம் வங்கிக் கணக்குக்கோ கைப்பேசிக்கோ போகிறது. வாசலில் போய் நின்று வாங்க கவரும் இல்லை. சனிக்கிழமையன்று மட்டுமாவது கடையும் பாரும் 8 மணிக்கு மூடியிருந்தால், எத்தனை பெண்களுக்கு அந்தக் காவல் வேலை மிச்சமாகும்! கேரளத்தில் மாதச் சம்பளம் கைக்கு வரும் முதல் தேதியில் மதுக்கடைகளுக்கு விடுமுறை என்று வைத்திருக்கிறார்கள், மற்ற நாள்களில் அரசுக் கடைகளை இரவு 9 மணிக்கு மூடுகிறார்கள். அங்கே அதற்கு எதிர்ப்பும் உண்டு. ஆனால் கூலி எந்த நாளில், எந்த மணியில் கைக்கு வருகிறது என்பதைப் பார்த்து நேரத்தை வகுக்கும் அந்தச் சிந்தனை எனக்குச் சரியாகவே படுகிறது. தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே மணி என்று இருக்கத்தான் வேண்டுமா? கடலுக்குப் போய்வரும் ஊரின் கூலி நேரமும் பனியன் ஊரின் கூலி நேரமும் ஒன்றல்ல.

நேரத்தைக் குறைத்தால் கள்ளக்குறிச்சி திரும்பும் என்று தங்கள் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது, அரசுக் கடைகள் வழக்கம்போல் நாளுக்குப் பத்து மணி நேரம் திறந்துதான் இருந்தன. அங்கே ஆட்களைச் சாராயப் பாக்கெட்டின் பக்கம் தள்ளியது கடிகாரமல்ல, விலை. அந்த ஆண்டு பிப்ரவரியில் சாதாரண ரக குவார்ட்டர் 10 ரூபாய் ஏறி 140 ஆகியிருந்தது. பாக்கெட்டோ அதில் பாதி விலைகூட இல்லை. அதன்பின் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை, 10 லட்சம் ரூபாய் அபராதம் என்ற அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தண்டனை இத்தனை கடுமையாக இருக்கும்போது, மூடிய பிறகு விற்கும் பக்கவாட்டுக் கதவு மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்பதுதான் வியப்பு.

வருவாயைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. 2024-25-ல் ஆயத்தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியுமாக அரசுக்கு வந்தது 48,344 கோடி ரூபாய். அதை உடனே விட்டுவிட எந்த அரசாலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் பக்கவாட்டுக் கதவில் வாங்கும் கூடுதல் தொகையில் ஒரு காசும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. கடைகளில் வேலை பார்க்கும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களும் இந்த விவாதத்தில் யார் நினைவுக்கும் வருவதில்லை. 10 மணிக்கு மூடி, கணக்கு முடித்து, அன்றைய பணத்தோடு இருட்டில் கிளம்ப வேண்டியவர்கள் அவர்கள். வழிமறித்துத் தாக்கப்பட்ட செய்திகளை எத்தனையோ முறை படித்துவிட்டோம். ஒரு மணி நேரம் முன்னதாக மூடினால் அவர்களுக்குக் கடைசிப் பேருந்தாவது கிடைக்கும்.

மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில், கடுமையான உடலுழைப்பு செய்பவர்கள் காலையிலேயே மது தேடுகிறார்கள், அவர்களுக்காக என்ன செய்யலாம் என்று துறை அமைச்சர் பேசியதும், 90 மில்லி காகிதப் பெட்டி பற்றிய யோசனையும் பெரும் கேலிக்கு ஆளாயின. எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. என்னோடு வேலை பார்த்த ஓர் ஓட்டுநர், விடியற்காலை முதல் நடைக்கு வரும்போது தேநீர்க் குவளையை இரு கைகளாலும் பிடித்துக்கொள்வார். ஒரு கையில் பிடித்தால் சிந்திவிடும். அந்த நடுக்கத்தை அடக்க உள்ளே ஒரு கட்டிங் போக வேண்டியிருந்தது. அது வந்தது எங்கிருந்து என்று இதுவரை படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குத் தேவைப்பட்டது 7 மணிக்குத் திறக்கும் கடையும் அல்ல, 12 மணிக்குத் திறக்கும் கடையும் அல்ல; மாவட்ட மருத்துவமனையில் ஒரு படுக்கையும் அங்கே போய்வரச் சம்பளத்தோடு பத்து நாள் விடுப்பும். காலையில் குடிப்பவருக்கு நேரக் கட்டுப்பாடு எதுவும் மருந்தாகாது என்பதை இருதரப்பும் ஒப்புக்கொண்டால் நல்லது.

நட்சத்திர ஓட்டல்களின் பார்களும், மனமகிழ் மன்றம் என்ற அழகிய பெயரில் நடக்கும் கிளப்புகளும் 10 மணிக்குப் பிறகும் சட்டப்படியே திறந்திருக்கின்றன. ஊருக்கு ஒரு மணி, உயர்ந்தோருக்கு ஒரு மணி என்று இருக்கும்வரை, முன்னதாக மூடு என்ற உத்தரவு நடைபாதையில் நிற்பவனுக்கு மட்டும் போட்ட உத்தரவாகவே தோன்றும். நேரத்தைக் குறைப்பதானால் அவற்றுக்கும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

ஆகவே, 8 மணியா 10 மணியா என்ற வாக்குவாதத்துக்குள் போவதற்கு முன் தங்கள் நாளிதழ் ஒன்றைக் கேட்டு வாங்கித் தர வேண்டுகிறேன். திருப்பூர் மாவட்டத்தின் கடைகளில் ஏதேனும் நான்கு சனிக்கிழமைகளுக்கு, மணிவாரியாக எத்தனை பாட்டில் விற்றது என்ற கணக்கை அரசு வெளியிடட்டும். ரசீது போடும் எந்திரத்தில் இருப்பதுதான், புதிதாக யாரும் எண்ணத் தேவையில்லை. அதில் 9.30-க்கும் 10-க்கும் இடையில் விற்றவற்றை ஒருபுறமும், அந்நேரத்தில் கடைமுன் நிற்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையை மறுபுறமும் வைத்துப் பார்த்தால், பக்கவாட்டுக் கதவுக்குப் போவது எவ்வளவு என்பது தெரிந்துவிடும். அதன்பிறகு மூடும் நேரத்தைப் பற்றிப் பேசலாம். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள நானும் வருகிறேன், அந்தச் சனிக்கிழமை அம்மா இன்னும் எங்கள் தடத்தில்தான் வந்துகொண்டிருக்கிறார் என்றால் அவரையும் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ஓய்வுபெற்ற நடத்துநர்,
திருப்பூர்.